செனட்டர் வாவ்ரா இன்னும் உட்காரவில்லை

செனட்டர் எல்டன் வாவ்ராவின் இடது காலணியைக் கிழித்துக்கொண்டு முதல் வேர் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் பேச எழுந்ததும் அதே செவ்வாய்க்கிழமைதான். நடுவில் இரண்டு குளிர்காலங்கள் வந்து போயிருந்தன. வாஷிங்டனில் இதற்காக யாரும் குழம்பவில்லை. முறைப்படி ஒத்திவைக்கும் வரை செனட்டில் நாள் மாறாது. ஒருவர் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒத்திவைக்கவும் முடியாது. ஆகவே வெளியே செர்ரி பூத்தது, உதிர்ந்தது, பனி கொட்டியது, தேர்தல்கூட நடந்தது. உள்ளே செவ்வாய். செவ்வாய்க்கிழமையில் யாருடைய பதவிக்காலமும் முடியாது என்பதால் உறுப்பினர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

விவாதத்தில் இருந்தது பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பீச்சம் கொண்டுவந்த மசோதா. வேலைக்காக முறையாக விண்ணப்பித்து நாட்டுக்குள் வருகிறவர்களை அது பாதியாகக் குறைக்கும். ஏற்கெனவே வரிசையில் காத்திருப்பவர்களின் விண்ணப்பங்களை ரத்து செய்யும். நெப்ராஸ்கா மாநிலத்தின் வாவ்ரா இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்குப் பாதி போதவில்லை, ஒருவர்கூட வரக்கூடாது. "பாதிக் கதவைச் சாத்தினா குளிர் பாதியாவா வரும்?" என்று தொடங்கிய அவர் பேச்சு, கதவு, தாழ்ப்பாள், ஜன்னல், புகைபோக்கி என்று வீடு முழுவதும் சுற்றி, முதல் வசந்தத்தில்தான் கூரைக்கு வந்து சேர்ந்தது. பேச்சு முடியாமல் வாக்கெடுப்பு கிடையாது, பேச்சை நிறுத்த அறுபது பேர் சேர வேண்டும். சேரவில்லை. மசோதாவே வேண்டாம் என்றிருந்தவர்கள், பாவம் மனிதர், நின்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

நிற்பவர் உட்காரக்கூடாது, அவையை விட்டு நகரக்கூடாது. பாலும் தண்ணீரும் குடிக்கலாம். கதவோரம் உள்ள மேசையின் இழுப்பறையில் எப்போதும் கிடக்கும் மிட்டாயைச் சப்பலாம். அவருடைய ஒரே நண்பரான வயோமிங் செனட்டர் மட்டும் தினமும் எழுந்து, "என் நண்பர் ஒரு கேள்விக்கு இடம் தருவாரா?" என்று ஆரம்பித்து, கேள்விக்குறி வராமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்விக்குள் வாவ்ரா நின்றபடியே தூங்கி எழுவார்.

கால் வீங்கியபோது அவருடைய உதவியாளர் ஒரு செவிலியரை அனுமதிக்கக் கோரினார். வெளியாட்கள் அவைக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் எதுவும் நடக்கலாம். "இந்த மசோதா மீதான விவாதம் முடியும் வரை" என்று உதவியாளர் எழுதிக் கொடுத்ததை வயோமிங்காரர் வாசித்தார். அவைத்தலைவர், "ஆட்சேபம் இல்லையென்பதால் அவ்வாறே ஆகட்டும்" என்றார். தினமும் பத்து இருபது முறை சொல்லப்படும் வாசகம் அது. சொல்கிறவர் உட்பட யாருமே அதைக் கேட்பதில்லை. அப்படித்தான் ஹெர்மினியா டும்லாவ், பிளாஸ்டிக் வாளியும் துண்டும் எடுத்துக்கொண்டு, செனட்டின் நீலக் கம்பளத்தில் வந்து முழங்காலிட்டாள்.

ஹெர்மினியா ஒப்பந்தச் செவிலி. பிலிப்பைன்ஸின் லவாக் ஊரிலிருந்து தற்காலிக அனுமதியில் வந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்காக வரிசையில் காத்திருந்தாள். மகள் ஜோவிலின் லவாக்கில் சித்தி வீட்டில் இருந்தாள். அம்மாவின் முறை வரும்போது மகளுக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்கக்கூடாது. ஆகிவிட்டால் மகள் தனியாக வேறு வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். மசோதா நிறைவேறினால் வரிசையே இருக்காது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டாள், காலைப் பிடித்துவிட்டாள், வேர் வந்ததும் காலணியை வெட்டி எடுத்தாள், உப்பை நிறுத்தினாள்.

வேர் கம்பளத்துக்கு அடியில் போனது. மறு வசந்தத்தில் அவர் சட்டைக் காலரிலிருந்து இலைகள் துளிர்த்தன. காட்டன்வுட் என்று நெப்ராஸ்காவில் சொல்லும் ஆற்றங்கரை மரத்தின் இலைகள். ஜூனில் பஞ்சு பறந்தது. கழுத்தில் தட்டச்சுப் பெட்டியைத் தொங்கவிட்டபடி நின்றே குறிப்பெடுக்கும் சுருக்கெழுத்தர்கள் தும்மினார்கள். தும்மல்களும் முறைப்படி அவைக்குறிப்பில் ஏறின.

ஒருநாள் வயோமிங்காரரின் கேள்வி சூடுபிடித்திருந்தபோது வாவ்ரா குனிந்து பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, உனக்கு எந்த ஊரு?"

"லவாக், சார். பிலிப்பைன்ஸ்."

"எப்படி இங்க வந்த?"

"வேலைக்குத்தான் சார். வரிசையில இருக்கேன். பீச்சம் சார் ரத்து பண்றேங்கிறாரே, அந்த வரிசை. நீங்க உக்காந்தா அது நிறைவேறிடும். அசையாதீங்க, கட்டை விரல்ல வேர் சிக்கியிருக்கு."

செனட்டர் காலை அசைக்காமல் கேட்டார்: "அப்ப... என்னாலதான் நீ இங்க இருக்கியா?"

"ஆமா சார். பாலைக் குடிங்க, ஆறுது."

குடித்தார். அவருக்கு மனம் புண்பட்டுவிட்டது. அடுத்த ஒரு மாதம் செவிலியர்களைக் குறிப்பாகக் கண்டித்துப் பேசினார். அவளும் அவர் காலடியிலேயே உட்கார்ந்து கேட்டாள். தொண்டை கட்டியபோது தேன் கலந்து கொடுத்தாள்.

ஜோவிலினின் இருபத்தொன்றாவது பிறந்தநாள் நெருங்கிய வருடத்தில் பீச்சம் தோற்றுப்போனார். அதாவது இறங்கி வந்தார். முதலில் சபைக்கேற்ற குரலில் "நெப்ராஸ்காவின் மதிப்புக்குரிய என் நண்பர்" என்றார். கழுத்தை நெரிக்க ஆசைப்படும் ஆளை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பிறகு கிளைகளை விலக்கிக்கொண்டு காதோரம் வந்தார்.

"யோவ் எல்டன், போதும்யா. நீ கேட்டதையே தர்றேன். பாதி இல்ல, பூஜ்யம். ஒரு ஆள் உள்ள வர முடியாது. திருத்தம் ரெடி, ஓட்டும் ரெடி. 'இடம் விடுகிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லு, எல்லாரும் வீட்டுக்குப் போவோம். நான் இதுக்குள்ள வந்தப்ப என் பேரன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். இப்ப அவனுக்கு வழுக்கை விழுது."

செய்தி பரவி அவை நிறைந்துவிட்டது. வாக்கெடுப்புக்குப் பெயர் கூப்பிடும் எழுத்தர் தொண்டையைச் செருமித் தயாரானார். சுருக்கெழுத்தர்களின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. ஹெர்மினியா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கணுக்காலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ரத்தம் குறைந்து சாறுதான் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணியது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

"உக்காந்தா வலிக்குமா?" என்று கேட்டார் வாவ்ரா.

"எனக்கா சார், உங்களுக்கா?"

வாவ்ரா கீழே குனிந்திருந்த அவள் தலையை, வகிட்டில் ஒட்டியிருந்த ஒரு துளிப் பஞ்சைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இலைகள் சலசலக்க, "அவைத்தலைவர் அவர்களே, பூஜ்யம் என்ற எண்ணைப் பற்றி எனக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றார்.

பீச்சம் தன் இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நெப்ராஸ்காவில், பீச்சம் கையால் சொர்க்கத்தைக்கூட எல்டன் வாங்கமாட்டார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தாவரவியல் பேராசிரியர் ஒருவர், அந்தப் பருவத்தில் பிடுங்கினால் எந்த மரமும் பிழைக்காது, இது அதற்கே தெரியும் என்றார். வயோமிங்காரரிடம் கேட்டபோது அவர் பதிலாக ஒரு கேள்வியைத் தொடங்கினார், இன்னும் முடிக்கவில்லை.

பூஜ்யத்தின் உருண்டை வடிவத்தைப் பற்றி வாவ்ரா விளக்கிக்கொண்டிருந்த வாரத்தில் ஹெர்மினியாவின் முறை வந்தது. பிறந்தநாளுக்கு முன்பே வந்தது. ஜோவிலின் கோடை வெயிலில் தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கினாள். அமெரிக்கா என்றால் குளிர் என்று சித்தி சொல்லியிருந்தாள். தாயும் மகளும் மேரிலாந்தில் ஹயாட்ஸ்வில்லில் சின்ன வீடு பிடித்தார்கள். ஹெர்மினியா பிறகு குடியுரிமைப் பிரமாணமும் எடுத்தாள். காலையில் போய் செனட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. விவாதம் முடியவில்லை, அனுமதியும் முடியவில்லை.

வேர் சும்மா இருக்கவில்லை. அவைக்கு அடியிலிருந்து கிளம்பி, சுரங்க ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு, எந்த அனுமதியும் வாங்காமல் மேரிலாந்து எல்லையைத் தாண்டி, ஹெர்மினியா வீட்டுக் கொல்லையில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் முளைவிட்டது. நகராட்சி ஆள் வந்து பார்த்து, மரம் நல்ல ஜாதி, இருக்கட்டும் என்று போய்விட்டார். ஆள் உயரம் வளர்ந்ததும் அது பேச ஆரம்பித்தது. காற்றடிக்கும்போது மட்டும், தணிந்த குரலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோவிலின் காதை வைத்துக் கேட்டாள். இலைச் சலசலப்பில் வந்த நெப்ராஸ்கா இங்கிலீஷ் அவளுக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்லுது இது?"

ஹெர்மினியா சமையலறை ஜன்னலிலிருந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நம்மள உள்ள விடவே கூடாதுங்கறார்டி. வேர்ல வெயில் படுது பாரு, தண்ணி ஊத்து."

ஜோவிலின் வாளியை எடுத்தாள்.