இளஞ்செழியன் கண்டுபிடித்த கொலைகாரி

துர்கா அழவில்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை, நெல்லித்தோப்பில் எங்கள் தெருவே சொன்னது. முதலில் சொன்னது நான் என்பது வேறு விஷயம். புருஷனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, எதையோ கேட்க மறந்துவிட்டவள் மாதிரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பால் பூத்தில் நிற்கும்போது இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அவள் புருஷன் இளஞ்செழியன், கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் ஓர் அலுவலகத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைத் திறந்து மூடிய காலத்தில் “போன்ழூர்”, “மெர்சி” என்று கொஞ்சம் பிரெஞ்சைப் பொறுக்கிச் சேர்த்திருந்தார். அந்தக் கைமுதலை வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் கேபிளில் வரும் பிரெஞ்சு சேனலில் கொலைக்கதை பார்ப்பார். பார்ப்பதோடு விடமாட்டார், துர்காவுக்குத் தமிழில் சொல்லவும் செய்வார். அவர்கள் வீட்டு ஜன்னல் என் சமையலறைக்கு நேர் எதிரே இருப்பதால் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் தெறிக்கிற கொலை இல்லை அது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. சமையல் போட்டி நடக்கும், நடுவில் யாராவது ஒருவர் நாகரிகமாகச் செத்துக் கிடப்பார். ஒருவரும் மாரில் அடித்துக்கொள்ள மாட்டார்கள். தொப்பி போட்ட ஓர் அம்மாள் சைக்கிளில் வந்து வீடு வீடாக விசாரிப்பாள், போன இடத்திலெல்லாம் கேக் சாப்பிடுவாள், கடைசியில் எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து இன்னார்தான் என்று கை காட்டுவாள். கொன்றவரும் மறுபேச்சில்லாமல் எழுந்து போலீஸோடு போய்விடுவார். எங்கள் தெரு மாதிரியேதான், எல்லாருக்கும் எல்லார் சங்கதியும் தெரியும். என்ன, விசாரிக்கிறவளுக்கு அங்கே மரியாதை உண்டு.

கதை பாதி தாண்டியதும் இளஞ்செழியன் கொலைகாரரைக் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. எப்படி இருக்கும்? ஊர்த்தலைவரைப் பால்காரன் என்பார், தங்கச்சியைப் பெண்டாட்டி என்பார். தோற்றவர் டீ போட வேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அந்த வீட்டில் டீ போடுவது அவர்தான்.

அந்த நாற்காலியில்தான், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

செய்தி கேட்டுத் தவளக்குப்பத்திலிருந்து வந்து இறங்கினாள் அவருடைய அக்கா ராஜாம்பாள். வந்ததும் முதல் காரியமாக டிவி மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தினாள், ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் டிவி சத்தம் கேட்கக் கூடாது, துர்கா வாசற்படி தாண்டக் கூடாது.

இளஞ்செழியனை எடுத்த மறுநாள் நான் துக்கம் விசாரிக்கப் போனேன். போகிறவள் வாசலிலேயே குரலெடுக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து தோளில் கை போட்டுத் தலையோடு தலை முட்டிச் சேர்ந்து அழ வேண்டும். முறையாகச் செய்தேன். எல்லாருடைய குரலும் உச்சத்துக்குப் போன நேரம் துர்காவின் வாய் என் காதில் உரசியது.

“அக்கா, யாரு கொன்னாங்கன்னு பார்த்து சொல்றீங்களா?”

எனக்கு ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது. “எதை?”

“அன்னிக்கு ஓடுச்சே, அந்தக் கதைல. அழுங்கக்கா, அண்ணி பாக்கறாங்க.”

அழுதேன். புருஷனை எடுத்து ஒரு நாள்தான் ஆகிறது, இவளுக்குக் கதை முடிவு வேண்டியிருக்கிறதே என்று மனசுக்குள் அவளைக் கிழித்துக்கொண்டே அழுதேன். பால் பூத்துக்குப் புதுச் செய்தி கிடைத்துவிட்டது என்றும் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

ராஜாம்பாள் குளிக்கப் போனதும் துர்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“‘அந்த டாக்டரம்மாதான்டி கொலகாரி’ன்னாரு. நான் கேக்கல. அவரு விடல, அவ கையப் பாரு, முழியப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கொஞ்சம் வாய மூடிக்கிட்டு உக்காருங்கன்னு கத்திட்டேங்க்கா.”

“சரி, அதுக்கென்ன?”

“மூடிக்கிட்டாரு.”

அடுப்பு மேடையைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

“கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பாத்தேன். தல சாஞ்சிருந்துச்சு. தூங்கறாருன்னு சத்தத்தக் கொறைச்சு வெச்சுட்டு நான் பாட்டுக்குப் பாத்தேங்க்கா. பக்கத்துல பொணம், நான் படம் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இத யாருகிட்ட சொல்ல? எனக்கே என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல.”

“முடிவைப் பாக்கலியா?”

“அதுக்குள்ள விளம்பரம் வந்துடுச்சு. டீ வேணுமான்னு அவரத் தொட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். ராஜாம்பாள் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது. நான் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு மட்டும் பால் பூத்துப் பக்கம் போகவில்லை.

ஜூலி வீட்டுக்குப் போனேன். ஜூலியின் அப்பா சூசைநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சிப்பாயை இங்கே சொல்தா என்போம், சொல்தா வீடு என்றால் எங்கள் தெருவில் யாரும் காட்டுவார்கள். ஜூலிக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் வீட்டு டிவியில் முடிந்துபோன நிகழ்ச்சியையும் திரும்ப வரவழைக்கலாம்.

“என்னக்கா, சாவு வீட்டுக்குப் போய்ட்டு நேரா படம் பாக்க வந்துருக்கீங்க?” என்றாள்.

“நீ போடு, கேள்வி கேக்காத.”

போட்டாள். ஒரு தட்டில் முறுக்கும் வைத்தாள். பூந்தொட்டியும் சைக்கிளும் வந்ததும் என்னுடைய தோள் தானாக இறங்கியது. அந்தக் கதை ஊரில் சாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு ஒருவர் பொறுப்பு, அவரையும் சாயங்காலத்துக்குள் பிடித்துவிடுவார்கள். செத்தவரின் சட்டையை யார் துவைப்பது, கண்ணாடியை எங்கே வைப்பது என்ற கவலை எவருக்கும் இல்லை. தட்டு காலியான பிறகுதான் நான் எதற்காக வந்தேன் என்பதே நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. விரலில் ஒட்டிய எண்ணெயைப் புடவையில் துடைத்தேன்.

“கொன்னது சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற கெழவன்கா,” என்றாள் ஜூலி.

“டாக்டரம்மா இல்லையா?”

“எந்த டாக்டரம்மா? வெள்ளக் கோட்டா? அவ மாட்டு டாக்டர்கா. கன்னுக்குட்டிக்கு ஊசி போட வந்தவ.”

பாவம் மனுஷன், சாகும்போதும் தப்பு. வீட்டுக்கு நடந்து வரும்போது முடிவு செய்தேன். இந்தத் தெருவில் நான் சொன்ன செய்தி எதிலும் கலப்படம் இருந்ததில்லை. இந்த ஒன்றில் கொஞ்சம் சேர்த்தால் என்ன? கடைசி ஆட்டத்தில் அவர் ஜெயித்ததாகவே இருக்கட்டும். துர்காவுக்கு ஆறுதலாக இருக்கும். என் நல்ல மனசு எனக்கே பிடித்துப்போனது.

அடுத்த நாள் உழவர்கரையிலிருந்து உறவுக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அவர்களோடு நானும் நுழைந்தேன். கூடத்தில் வட்டம் கட்டினோம். நான் இடித்துப் பிடித்துத் துர்கா பக்கத்தில் போய்ச் சேர்ந்து, தலையை முட்டி, காதில் சொன்னேன்.

“டாக்டரம்மாதான்டி. அவரு சொன்னது சரி.”

அவள் உடம்பு விறைத்தது. மகிழ்ச்சி என்று நினைத்தேன். பிறகு என் தோளிலிருந்து அவள் கை நழுவியது.

“சரியா சொல்லியிருக்காரு,” என்றாள். “வாழ்க்கைல ஒரே ஒரு தடவ சரியா சொல்ல வந்த மனுஷன, வாய மூடுன்னேனே. ஐயோ, மூடுன்னேனே!”

தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். ஒருமுறை இல்லை, மறுபடி மறுபடி. பெண்கள் அவளைப் பிடித்தார்கள், அவள் திமிறினாள். நான் “துர்கா, துர்கா” என்று கிசுகிசுத்தேன். அத்தனை ஒப்பாரியில் என் கிசுகிசு யார் காதில் விழும்? பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“பொய்டி!” என்று கத்தினேன். “பொய் சொன்னேன்! அவரு சொன்னது தப்பு! அது டாக்டரம்மாவே இல்ல, மாட்டு டாக்டரு! கொன்னது ஆர்கன் வாசிக்கிற கெழவன்!”

ஒப்பாரியை விட்டுவிட்டு உழவர்கரைப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். மாலை போட்ட படத்திலிருந்து இளஞ்செழியனும் பார்த்தார். நின்ற இடத்திலேயே தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

“மாட்டு டாக்டரா?” என்றாள் துர்கா.

“கன்னுக்குட்டிக்கு ஊசி போட வந்தவளாம். ஜூலிகிட்ட கேட்டேன். சத்தியமா.”

“மாட்டு டாக்டரப் போயி...” அவள் வாய் கோணியது. சிரிப்பு வந்துவிட்டது. புடவையைச் சுருட்டி வாயில் அடைத்தும் நிற்கவில்லை. “எதுதான்... எதுதான் சரியா சொல்லியிருக்காரு அவரு...” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தரையில் சரிந்து அழுதுகொண்டிருந்தாள், வாய்விட்டு, மூக்கு ஒழுக, முறை எதுவும் இல்லாமல்.

ராஜாம்பாள் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “சின்னப்புள்ளயிலயே அப்படித்தான் அவன். வெல்லத்தத் திருடித் தின்னது யாருன்னு அப்பா கேட்டா, என்னயக் காட்டுவான். தின்னது பூன,” என்றாள். அவளும் உடைந்தாள். கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பினாள். “கலைமகளு, நீ கெளம்பும்மா. வந்தவங்க முன்னாடி எங்க வீட்ட நாடகக் கொட்டாயா ஆக்கிட்ட. கருமாதிக்கு வந்தா போதும்.”

செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, கையிலேயே பிடித்தபடி தெருவைத் தாண்டினேன்.

அடுத்த நாள் காலை நான் பால் பூத்துக்குப் போனதும் பேச்சு நின்றது. அந்த மாதிரி நிற்கிற பேச்சு எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியாதா, எத்தனை பேருக்காக நான் நிறுத்தியிருக்கிறேன்! சகாயசெல்விதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“என்னக்கா, நேத்து சாவு வீட்ல படம் ஓட்டுனீங்களாமே? துர்கா பாவம், பயந்து அழுதுடுச்சாமே?”

எதனால் அப்படிக் கத்தினேன் என்று சொல்லியிருந்தால் என் மானம் திரும்பியிருக்கும். சொல்லவேண்டுமானால் நாற்காலியை, குறைத்து வைத்த சத்தத்தை, அதற்குப் பிறகும் அவள் பார்த்துக்கொண்டிருந்ததை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

“ஆமாண்டி, புத்தி கெட்டுப் போச்சு எனக்கு,” என்றேன். பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தேன்.