கம்பம் லோரியின் எண்ணெய்க் கிணறு

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே பலகை வீடுகள் தோளோடு தோள் உரசி நின்ற, மலாயில் கம்பம் என்று சொல்லும் சிறு குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு காலத்தில் பெரிய லோரிப் பட்டறை நடந்ததால் ஊருக்கே கம்பம் லோரி என்று பெயர். பட்டறை மூடி, தகரமெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெறும் பொட்டல்தான் மிச்சம். அங்கே மலிவு விலை அடுக்குமாடி கட்டி, கம்பத்து ஜனங்களையே குடிவைக்கப் போவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது.

அதைக் கேட்டு அதிகம் துள்ளியவர் கெர்ட்ரூட். ரயில்வேயில் வேலை பார்த்துக் காலமானவரின் மனைவி, காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவர், கம்ப சங்கத்துக்குத் தலைவி. தலைவியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் ரயில் சத்தத்தை மீறிக் கேட்ட குரல் அவருடையது ஒன்றுதான்.

கட்டடம் எழும்பும் முன் மண்ணைச் சோதிக்க வேண்டுமென்று பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சிவசம்பு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இரசாயனம் படித்தவர். அகலத் தொப்பி, ரப்பர் பூட்ஸ், பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்கள். பின்னால் துளைபோடும் மெஷினும் அதை ஓட்ட ஆட்களும்.

“மண்ணுல என்னா சார் சோதிக்கிறது? மண்ணு மண்ணுதானே?” என்றார் கெர்ட்ரூட்.

“அப்பிடியில்லை அம்மா. பழைய பட்டறை நிலம். அடியிலை நஞ்சு கிடக்குதோ எண்டு பாக்க வேணும். அதுக்குப் பிறகுதான் வீடு.”

“நஞ்சா? எங்க கோழியெல்லாம் இங்கதான் மேயுது. ஒண்ணாச்சும் செத்துச்சா?”

சிவசம்பு கோழிகளைப் பார்த்தார். ஒன்றுக்கு வாலே இல்லை. இன்னொன்று ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“அதுகளைச் சாப்பிடாதேங்கோ” என்று மட்டும் சொன்னார்.

முதலில் போட்ட துளைகளில் சேறுதான் வந்தது. பட்டறையின் பின்பக்கம் இருந்த இடத்தில் மெஷினை இறக்கியபோது ஒரு ஏப்பம் கேட்டது. கரிய திரவம் ஒன்று பளபளவென்று பொங்கி சிவசம்புவின் பூட்ஸை நனைத்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பழனியப்பன் பாய்ந்து போய் விரலை விட்டு மோந்து பார்த்தார். வாடகை லோரி ஓட்டுபவர். வாகனம் சம்பந்தமாக அவர் சொன்னால் கம்பத்தில் மறுபேச்சு கிடையாது.

“எண்ணெய்!” என்று கத்தினார். “ஆன்டி, நம்ம கம்பத்துல எண்ணெய் கிடைச்சிருச்சு லா!”

“இது கழிவெண்ணெய்!” என்று சிவசம்புவும் கத்தினார். “தொடாதேங்கோ, கையைக் கழுவுங்கோ!”

பழனியப்பன் கெர்ட்ரூட்டின் காதருகே குனிந்தார். “பாத்தீங்களா? கவர்மென்ட்டு ஆளு. அப்படித்தான் சொல்வாரு.”

கெர்ட்ரூட்டுக்கு அது நியாயமாகவே பட்டது. எண்ணெய் இல்லையென்றால் படித்த மனிதர் எதற்கு இப்படிப் பதற வேண்டும்?

அன்றே சோதனை தொடங்கியது. பழனியப்பன் கொஞ்சம் எண்ணெயைத் தன் மோட்டார் சைக்கிளில் ஊற்றி உதைத்தார். அது மாரியம்மன் தேர் மாதிரி மெல்ல அசைந்து, கறுப்புப் புகை கக்கி, சாக்கடையில் இறங்கிப் படுத்துக்கொண்டது. “ரொம்ப ஸ்ட்ராங்கான சரக்கு. என் வண்டிதான் தாங்கல” என்று தீர்ப்புச் சொன்னார். கெர்ட்ரூட்டின் நாத்தனார் மகதலேனா அதே எண்ணெயை அடுப்பில் ஊற்றிக் காப்பி போடப் பார்த்தார். ‘டும்’ என்றது. காப்பி வரவில்லை. புருவம் இரண்டும் போயிற்று. ஆனால் அன்றைக்குக் கம்பத்தில் அவரை விட்டால் சாட்சி ஏது? புருவமில்லாத முகத்தோடு வீடு வீடாகப் போய், “எரியுதுடி, நல்லா எரியுது!” என்று சொல்லி வந்தார்.

கிணற்றுக்குக் காவல் போட்டார்கள். யாரோ அதற்கு ‘கெர்ட்ரூட் ஆயில்’ என்று பெயர் வைத்தார்கள். கெர்ட்ரூட் அதைத் தடுக்கவில்லை. வாய்க்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்த வேகத்தில் வீடமைப்பு அலுவலகத்துக்கே போய் துவான் என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் அதிகாரியிடம் மலாயில் முழங்கினார்: “உங்க ஃபிளாட்ட நீங்களே வெச்சுக்குங்க. எங்களுக்குக் கிணறு போதும்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு பிரிக்கக் கூட்டம் கூடியது. கோயிலுக்குக் கும்பாபிஷேகம், தேவாலயத்துக்குப் புது மணி, பழனியப்பனுக்கு ஏர்கண்டிஷன் வைத்த லோரி என்றெல்லாம் முடிவாயிற்று. மகதலேனா வேளாங்கண்ணிக்கு விமானத்தில் போக வேண்டும் என்றார், அதுவும் புருவம் முளைத்த பிறகு. சிவசம்பு ஓரத்தில் தொப்பியோடு நின்று, “தயவுசெய்து நான் சொல்லுறதைக் கேளுங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு அய்யாவு வந்தார். பட்டறையில் காலமெல்லாம் மெக்கானிக்காக இருந்தவர். கிள்ளானில் மகள் வீட்டில் தங்கியிருந்தவர் செய்தி கேட்டு பஸ் பிடித்து ஓடி வந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

“யாரைக் கேட்டு பங்கு போடுறீங்க?” என்றார். “அந்த எண்ணெய் முச்சூடும் என்னுது!”

“எப்படி அண்ணே உங்களுது?” என்று கெர்ட்ரூட் எழுந்தார்.

“பின்ன? தெனம் சாயங்காலம் லோரில இருந்து பழைய எண்ணெயை எறக்கி அந்தக் குழியில ஊத்துனது யாரு? உங்க அப்பனா? நான்! ஒரு நாளு லீவு போட்டதில்ல. எனக்குப் பாதியாச்சும் வேணும்.”

ஒரு ரயில் கடந்து போனது. பழனியப்பன் தன் விரலை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, மெதுவாக வேட்டியில் துடைத்தார். கெர்ட்ரூட்டுக்குக் காதுமடல் சுட்டது. அலுவலகத்தில் முழங்கிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து காதில் விழுந்தது.

சந்தோஷப்பட்டவர் சிவசம்பு ஒருவர்தான். ஓடி வந்து அய்யாவுவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, எங்கெங்கை ஊத்தினீங்கள்? எல்லாத்தையும் காட்டுங்கோ!”

தன் சொத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்று எண்ணிய அய்யாவு நெஞ்சை நிமிர்த்திப் பொட்டல் முழுக்க நடந்தார். “இது பிரேக் எண்ணெய். இங்க பெயிண்ட். இந்தா, இது பூரா பேட்டரித் தண்ணி.”

“ஐயோ, அது என் கங்கோங் கீரைப் பாத்தி!” என்று அலறினார் கெர்ட்ரூட்.

மறுநாள் அவர் வீடமைப்பு அலுவலகத்துக்கு மீண்டும் போனார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஃபிளாட் வேண்டும் என்றார். கிணறு என்ன ஆயிற்று என்று துவான் கேட்டார்.

“அது வேற ஆளோடது துவான்” என்றார் கெர்ட்ரூட்.

துவான் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் எதையோ தேடினார். ஆனாலும் சிவசம்புவின் அறிக்கை வந்ததும் வேலை ஒழுங்காகவே நடந்தது. கம்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை. கோழிகளையும் கங்கோங்கையும் கொண்டுபோனார்கள். பிறகு நச்சு மண்ணைத் தோண்டி அள்ள லோரிகள் வரிசையாக வந்தன.

அய்யாவு வேலி ஓரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என் ஒழைப்பெல்லாம் போகுதும்மா.”

கெர்ட்ரூட் அவர் கையில் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை வைத்தார். “போகட்டும் அண்ணே. அது போனாத்தான் வீடு வரும். சாப்பிடுங்க.”

அய்யாவு அங்கேயே குந்திப் பிரித்து, ஒவ்வொரு லோரியின் சக்கரத்தையும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். பொட்டலில் புதுச் செம்மண் கொட்டிக் கட்டடம் எழும்ப இரண்டு மழைக்காலம் பிடித்தது.