பிரேக்குக்கு எண்ணெய்க் குளியல்

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் குமாஸ்தா. மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம். ஊரெல்லாம் ரயிலில் போகிறது என்பதற்காக ரயில்வேக்காரரும் ரயிலில் போனால் கௌரவம் என்னாவது? தோட்டத்துத் துரை ஒருவர் வேண்டாமென்று கழித்துக் கட்டிய மோட்டார் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்திவிட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

என் அக்காள் தனலெட்சுமி துறைமுக ஊரான கிள்ளானில் இருந்தாள். அத்தான் தவறிய பிறகு அவளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஊரோடு போய்விடுவதென்று நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கப்பல். தாயில்லாத வீட்டில் எனக்குத் தலைவாரி, சோறூட்டி ஆளாக்கியவள் அவள். போனால் திரும்பமாட்டாள். ஒருமுறை கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அனுப்ப வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான்.

"காலைல ரயில்ல போயிடுவோம்" என்றேன்.

"கார் இருக்கிறப்ப ரயில் எதுக்கு? அக்காவ வீட்டுல ஏத்தி, துறைமுகத்துல ராணி மாதிரி எறக்கிவிடுறேன்" என்றார்.

ராணியை ஏற்றவிருந்த ரதம் சனிக்கிழமை காலையில் பிரேக்கை மிதித்தால் ஊரையே எழுப்பியது. பக்கத்து வீட்டு சிரில் வந்தார். அவரும் ரயில்வே குமாஸ்தாதான். பேனா பிடிக்கிற இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே பிரேக் கட்டைமேல் இருந்த பட்டை அப்பளமாகத் தேய்ந்து, செப்பு ஆணி இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை வாங்கிவந்து, என் அம்மிக்கல்லின் மேல் வைத்து ஆணி அடித்தார்கள். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை, அம்மியின் ஓரம் உடைந்ததைத் தவிர.

பிறகுதான் என் வீட்டுக்காரருக்குப் பக்தி வந்தது. ரயில்வே பட்டறையில் ஆயுத பூஜையன்று எல்லா இரும்புக்கும் எண்ணெய் பூசிச் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்த்தவர் அல்லவா? புதுப் பட்டைகளைச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, என் நல்லெண்ணெய்ச் சாடியை எடுத்துத் தேய்த்தார் பாருங்கள், எனக்குக்கூட அவர் அப்படித் தேய்த்துவிட்டதில்லை.

"ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே?" என்றேன்.

"அது காருக்குத் தெரியுமா?" என்றார்.

"நல்லா தடவுங்க, ரெங்கசாமி அண்ணே. துருப் பிடிக்காது லா" என்றார் சிரில். அவர் பங்குக்கு மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்துச் சிலுவையும் போட்டார். இரண்டு மதமும் சேர்ந்து காப்பாற்றிய கார் மலாயாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் பட்டைகளை மாட்டி, வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. எண்ணெய் குடித்த பட்டைக்குப் பிடிமானமும் இல்லை என்பதைச் சமதரை காட்டிக்கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை புறப்பட்டோம். பெட்டாலிங் தாண்டி ஓர் இறக்கம். கீழே மாட்டு வண்டி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தார். அது இன்னும் உற்சாகமாக ஓடியது. மாட்டுக்கு ஒன்றும் ஆகாமல் ஸ்டியரிங்கை ஒடித்ததில் நாங்கள் ரப்பர்க் காட்டு வாய்க்காலுக்குள் இறங்கினோம். இடுப்பளவு சேறு. உயிர் மட்டும் மிச்சம்.

"ரோடு போட்டவன் சரியில்ல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே புதைத்திருப்பேன். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஓர் அன்னாசி லோரி வந்தது. குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணே, எங்கக்கா கப்பல் ஏறப் போறா. என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க."

அவர் பாவம், மறுபேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டார். அக்காள் வீட்டுக்குப் போக நேரமில்லை, நேரே துறைமுகத்துக்கே விட்டார். என் வீட்டுக்காரர் பின்னால் அன்னாசிப் பழங்களோடு வந்தார்.

நாங்கள் போவதற்குள் கப்பல் ஏணியை எடுத்துவிட்டார்கள். மேலே, கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காள் நின்றாள். என்னைத் தேடித் தேடி, கடைசியில் சேற்றுப் புடவையோடு கண்டுபிடித்துவிட்டாள். கையை வாயருகே குவித்து என்னவோ சொன்னாள். அதே நேரம் கப்பல் ஊதியது. மறுபடி சொன்னாள். மறுபடியும் ஊதியது. "கேக்கல அக்கா" என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு அழுதாள். எங்களுக்கு நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"காரு ரொம்ப நல்லா இருக்குதாம்" என்றேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

பட்டையை மாற்றிவிட்டார், இப்போது பிரேக் பிடித்த பிடியாக நிற்கிறது. அக்காள் போன மாசியில் ஊரில் கண்ணை மூடிவிட்டாள். அன்றைக்கு என்ன சொன்னாள் என்று இனி நான் யாரைக் கேட்பேன்?