வளைந்து கொடுத்த மூச்சு

நான் ஊதினால் நன்றாகத்தான் வரும். எந்தக் குழலை நீட்டினாலும் வரும். அதுதான் இப்போது தலைவலி.

இப்படி நினைத்தபடி அவள் பட்டறையின் உள்பக்கம், சோதனை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் அண்ணனும் பள்ளிக்கூடத்து இசை டீச்சரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில், சுருதி சேரவில்லை என்று பள்ளியிலிருந்து திரும்பி வந்திருந்த தகரக் குழல் பெட்டி.

மலிவான குழல்கள். தகரத்தைச் சுருட்டி, ஆறு துளை போட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் ஊதுவாயை ஒட்டினால் முடிந்தது வேலை. ஊதுவாய் கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் சுரம் ஏறிவிடும். இறங்காமல் நின்றுவிட்டால் தாழ்ந்துவிடும். காற்றுப் போகும் இடுக்கில் பிசிறு இருந்தால் மேல் சுரம் கீச்சிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துத் தேறியதைத் தனியாகப் போடும் பொறுப்பை அண்ணன் அவளிடம் விட்டிருந்தான், அவள் கணவன் வீட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருஷத்திலிருந்து.

"என் தங்கச்சி காதுக்குத் தப்பி ஒண்ணு வெளிய போகாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அந்த ஒரு பேச்சின் மேல்தான் இந்த வீட்டில் தான் நின்றுகொண்டிருப்பதாக அவளுக்குச் சில சமயம் தோன்றும்.

காலையில் பெட்டி வந்து இறங்கியதுமே எல்லாவற்றையும் ஊதிப் பார்த்தாள். ஒன்றிலும் குறை தெரியவில்லை.

"பசங்களுக்கு ஊதத் தெரியல, வேறென்ன" என்றாள் அண்ணி, அட்டைக்குப் பசை தடவிக்கொண்டே.

"நீங்க ஒண்ணு ஊதிப் பாருங்களேன் அண்ணி."

"நானா? எனக்கு வராதுன்னுதானே பெட்டி ஒட்ட உக்கார வெச்சிருக்கீங்க."

சொன்னாளே தவிர, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சூடான டீயை ஊதி ஆற்றுவது போல ஒரே சீராக ஊதினாள். அடுத்ததையும் அப்படியே. அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றின் சுரமும் வேறு வேறு உயரத்தில் நின்றது. ஒன்று மேல் சுரத்துக்கு ஏறியதும் வால் மிதிபட்ட பூனையாகக் கத்தியது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று அண்ணி சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. அதே குழல்களை வாங்கி ஊதினாள். இனிமையாக வந்தன. இந்தத் தடவை ஒலியை விட்டுவிட்டுத் தன் வாயைக் கவனித்தாள். ஏறிக் கிடந்த குழலுக்கு மூச்சு தானாகத் தணிந்தது. தாழ்ந்ததற்கு அழுத்தம் கூடியது. கீச்சிடப் போகும் இடம் வருமுன்பே காற்று பதுங்கிப் போனது. அவளை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாம் நடந்தது. இத்தனை வருஷமும் கோணலைத் தன் மூச்சால் நிமிர்த்திவிட்டு, தேறிவிட்டது என்று தட்டில் போட்டிருக்கிறாள்.

இந்தப் பழக்கம் வாய்க்கு மட்டும்தானா என்று யோசித்தாள். கணவன் வீட்டில் என்ன நடந்தாலும் அவளிடமிருந்து இதமாகத்தானே வெளியே கேட்டது. "அங்க ஒரு குறையும் இல்லையாம்" என்று அம்மா கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதைத்தான் சொன்னாள்.

அண்ணனிடம் மதியமே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். "இதை வெளிய சொல்லி வைக்காதே தாயே. இந்தப் பள்ளிக்கூடம் போச்சுன்னா மத்ததெல்லாம் பின்னாலயே போயிடும்" என்றான்.

இப்போது முன்னறையிலிருந்து டீச்சர் குரல் கேட்டது.

"முப்பது பிள்ளைங்க ஒரே பாட்டை வாசிக்கிறாங்க, எனக்கு முப்பது பாட்டு கேக்குது. வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது என் முன்னால ஊதி சரியா வந்துட்டா, பெட்டியை நானே எடுத்துட்டுப் போயிடறேன். அப்புறம் சுருதியே சேராத பிள்ளைங்களை வேற வகுப்புக்கு மாத்த வேண்டியதுதான். ரெண்டு பேர் தங்களுக்குக் காதே சரியில்லன்னு இப்பவே அழறாங்க."

"அதுக்கென்ன, நம்ம வீட்டுலயே ஆள் இருக்கு" என்ற அண்ணன், உள்பக்கம் திரும்பி, "இங்க வாம்மா" என்று கூப்பிட்டான்.

போனாள். அவன் பெட்டியிலிருந்து ஒரு குழலை எடுத்து நீட்டினான்.

"ஒரே ஒரு பாட்டு. டீச்சர் கேக்கட்டும்."

வாய் சாதாரணமாகத்தான் பேசியது. கண் கெஞ்சியது. அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. வாங்கி ஊதிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், அந்த ரெண்டு பிள்ளைகளைத் தவிர.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"நான் ஊதினா எது கோணல்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர். அழற பிள்ளைங்க கிட்ட, காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடுங்க."

"என்ன பேச்சு இது" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "பிடி. ஊது."

"வேண்டாம்ணா."

குழல் நீட்டியபடியே இருந்தது. அவள் வாங்கவில்லை.