கண்ணப்பன் பார்த்த ஓப்பன் கார்

பிள்ளைப்பாக்கத்துக் கண்ணப்பன் கார் வாங்கப்போகிறான் என்ற செய்தி, அவன் பெண்டாட்டி கங்காவுக்குத் தெரிவதற்கு முன்பே டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. அதிலும் சாதாரணக் கார் இல்லை, கூரையில்லாத கார். மழை பெய்தால் என்ன செய்வான் என்று நாகப்பன் கேட்டார். வெயிலடித்தால் என்ன செய்வான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டே டீக்கடை பல நாள் ஓட்டியது.

கண்ணப்பனுக்கு இப்படி ஓர் ஆசை வந்தது சும்மா இல்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதம் அவன் நிலத்தை ஒரு கம்பெனி வாங்கியது. விலையோடு ஒரு வேலையும் உண்டு என்றார்கள். என்ன வேலை என்று போய்க் கேட்டால், கேட்டில் வாட்ச்மேன். காக்கிச் சட்டை, விசில், ஒரு டார்ச் லைட்.

"என் கொல்லையில நானே சலாம் போட்டுகினு நிக்கணுமா?" என்று திரும்பி வந்துவிட்டான். தீபாவளிக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். நிலத்துப் பணம் கங்கா பேரில் பாங்க்கில் கிடந்தது. அதைப் போட்டு ஒரு தொழில் நடந்துவிட்டால் காக்கிச் சட்டை தேவையில்லை. தொழில் படுத்துவிட்டால், பிறகு கெஞ்சினாலும் காக்கிச் சட்டை கிடைக்காது.

தொழிலை அவன் யோசித்துத்தான் பிடித்திருந்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஐயங்கார் வீட்டுக் கல்யாணமென்றால் முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, கூரையில்லாத காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு வீதி சுற்றி அழைத்து வருவார்கள். அந்தக் கார் மெட்ராஸிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வர வேண்டும். வரும், மேளக்காரர்கள் இரண்டு ரவுண்டு காபி குடித்து முடித்த பிறகு வரும். பக்கத்திலேயே ஒரு வண்டி இருந்தால்? ரைஸ்மில் லாரி ஓட்டிய கை, இந்தக் காரை ஓட்டாதா? இதுதான் கண்ணப்பனின் கணக்கு. கணக்கில் தப்பு இருந்ததாக டீக்கடையால்கூடச் சொல்ல முடியவில்லை. அதனால் அறிவுரை சொன்னார்கள்.

"காலுக்கடியில மேட் போட்டிருப்பான் பாரு, அத்தத் தூக்கிப் பாரு. தகரம் தெரியுதா, தரை தெரியுதான்னு பாரு" என்றார் நாகப்பன். வாழ்நாளில் இரண்டு தடவை காரில் ஏறியவர் அவர். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்கு.

பக்கத்து வீட்டு ஜோயல் மறைமலைநகரில் ஃபிட்டர். அவன் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்தது.

"போன ஒடனே பானெட்டுல கை வைண்ணா. சூடா இருந்துச்சுன்னா, நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டான்னு அர்த்தம். ஓடறதுல ஒண்ணுமில்ல, கெழட்டு வண்டிக்குக் காலையில எழுந்திருக்கறதுதான் கஷ்டம். அப்பறம் ஒரு காந்தம் எடுத்துக்க. துணி சுத்தி ஓட்டிகினே போ. ஒட்டுனா தகரம். ஒட்டலன்னா உள்ள துரு, மேல பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்கான்."

"நீயும் வாயேன்."

"மார்னிங் ஷிப்ட் இல்லன்னா வரேன்."

"நானும் வரேன்" என்றாள் கங்கா.

"காரு பாக்கற எடத்துல உனக்கு இன்னா வேலை?"

"பாங்கியில கையெழுத்து யாருது?"

ஆக, மூவரும் போனார்கள்.

நாள் பார்த்துத்தான் போனார்கள், விஜயதசமி. பிடித்திருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று கண்ணப்பனுக்கு எண்ணம். ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோரம் இராமச்சந்திரனின் ஷெட். பழைய கார்களை வாங்கிப் புதுசாக்கி விற்பது அவர் தொழில். சினிமாக் கம்பெனிக்கெல்லாம் வண்டி கொடுத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். எந்தப் படம் என்று கேட்டால் இன்னும் வெளிவரவில்லை என்பார்.

முந்தின நாள்தான் ஆயுத பூஜை. பிளைமவுத் வண்டி, பாதி கிரீம் கலர், பாதி மெரூன், கல்யாணப்பெண் மாதிரி நின்றது. முன் பம்பரில் இரண்டு வாழைக்கன்று, பானெட்டில் சாமந்தி மாலை, உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும். கண்ணப்பன் பார்த்த மாத்திரத்தில் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டான். கங்காவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படிச் செய்யவில்லை. அதை அவளும் கவனித்தாள்.

"பொறந்ததே ஓப்பனா பொறந்த வண்டி கண்ணப்பா" என்றார் இராமச்சந்திரன். "எங்கியோ ஒரு ஜமீன்ல இருந்துச்சு. அஞ்சு மாசம் ஒக்காந்து இழைச்சு எடுத்தோம்."

கண்ணப்பன் பானெட்டில் கை வைத்தான். ஜில்லென்று இருந்தது. ஜோயல் தலையாட்டினான். சாவி போட்டதும் வண்டி ஒரு தரம் இருமியது, அடுத்த தடவை எழுந்துவிட்டது. பின்னால் கொஞ்சம் நீலப் புகை வந்து அடங்கியது. ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தான், ஆட்டம் பெரிசாக இல்லை. மேட்டைத் தூக்கினான். புதுத் தகரம். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போயின. ஒவ்வொன்றும் சரியாக வர வர, கண்ணப்பன் காந்தத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்துகொண்டே வந்தது. பொண்ணு பிடித்துவிட்டது என்றால் ஜாதகத்தை யார் சரியாகப் பார்க்கிறார்கள்?

காந்தம் பானெட்டில் ஒட்டியது, மட்கார்டில் ஒட்டியது. கதவு நிலைக்கு வந்தபோது கண்ணப்பன் நின்றுவிட்டான். நிலையெங்கும், முன் கண்ணாடியின் அடிவாரமெங்கும், பொட்டுக்குப் பொட்டு இடைவெளி இல்லாமல் சந்தனம் அப்பியிருந்தது. பானெட்டுக்கு மூன்று பொட்டு வைத்த கை, இங்கே மட்டும் கிண்ணத்தையே கவிழ்த்திருந்தது.

"இங்க இன்னாப்பா, இவ்ளோ பக்தி?" என்றான் ஜோயல் மெதுவாக. "தொடச்சிட்டு காந்தத்த ஓட்டுண்ணா."

"பூஜை போட்ட பொட்டுடா."

"அதுக்கு?"

"நீ தொடை."

"நானா? ஜோயல் பையன் பூஜை வண்டியில சந்தனத்த அழிச்சான்னு நாளைக்கு ஊரே பேசும். நீயே தொடை."

இராமச்சந்திரன் கைகட்டி நின்றுகொண்டு, மிகவும் பெருந்தன்மையாகச் சொன்னார்: "தாராளமா தொடை கண்ணப்பா. விஜயதசமியும் அதுவுமா அம்மன் வந்து கேட்டா, நீ பதில் சொல்லிக்க."

கண்ணப்பன் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டான். கங்காவும் துடைக்கச் சொல்லவில்லை; அவளுக்கும் பயம்தான். ஆனால் அவள் பார்வை பின்சீட்டில் இருந்தது. சத்திரத்துக்கு வாழை இலை போடுகிறவள் அவள். ஜானவாசக் காரை முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாப்பிள்ளை தெரிவான். கங்கா எப்போதும் பின்னாலிருந்து பார்த்தவள்.

"இதுல எத்தினி பேரு ஒக்காரலாம்?" என்றாள்.

"தாராளமா அஞ்சு பேரு."

"பசங்க?"

"எந்தப் பசங்க?"

"இன்னா நைனா, ஜானவாசமே பாத்ததில்லியா? மாப்ள ஒண்டியா ஏறுவாரு. அப்பறம் அண்ணன் புள்ள, அத்த புள்ள, பக்கத்து வூட்டுப் புள்ள எல்லாம் ஏறிக்கும். நல்ல காரியத்துல யாரும் எறங்குன்னு அதட்ட மாட்டாங்க. மாப்ள மூஞ்சி மட்டும் வெளிய தெரியும்."

சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பி, "டேய், காருல ஏர்றீங்களாடா?" என்று ஒரு சத்தம் போட்டாள். அன்று பள்ளிக்கூடம் லீவு. அந்தத் தெருவில் இத்தனை பிள்ளைகள் இருப்பது தெருவுக்கே அப்போதுதான் தெரிந்தது. கதவைத் திறந்து ஏற வேண்டும் என்ற பழக்கமெல்லாம் அவர்களுக்கு இல்லை. கதவு மேலேயே தாவி, சறுக்கி, ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து உட்கார்ந்தார்கள். கண்ணப்பனும் ஏறி, மாப்பிள்ளை மாதிரி நடுவில் நசுங்கினான். வண்டி முனகியது.

"சரி, ஊர்கோலம் சத்திரத்துக்கு வந்தாச்சு" என்றாள் கங்கா. "மாப்ள எறங்கட்டும். கதவைத் தொற."

கண்ணப்பன் கைப்பிடியைத் திருப்பினான். கதவு வரவில்லை. தோளால் முட்டினான். வரவில்லை.

"புது பெயின்ட்டு. ஒட்டிகினு கீது" என்றார் இராமச்சந்திரன்.

"அப்ப அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜோயல் வெளியிலிருந்து இழுத்தான். இராமச்சந்திரனே வந்து இழுத்தார். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். கங்கா எல்லாரையும் இறங்கச் சொன்னாள். கடைசிப் பிள்ளை குதித்ததும் கதவு தானாக வாயைப் பிளந்தது. மறுபடி ஏற்றிவிட்டுத் திறந்த கதவைச் சாத்தப் போனால், சாத்தவில்லை, மேல் விளிம்பு நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. ஏறினார்கள், இறங்கினார்கள், ஒவ்வொரு தடவையும் சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் டிராயரில் போய்ச் சேர்ந்தது. அம்மன் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்க மாட்டாள்.

ஜோயல் குனிந்து பார்த்தான். சந்தனம் போன இடத்தில் பெயின்ட் வெடித்து, அடியில் பட்டி கரடுமுரடாகத் தெரிந்தது. ஒவ்வொரு நிலையிலும் அதே தழும்பு.

"அண்ணா, இது கூரை இருந்த வண்டி. வெட்டி எடுத்திருக்கான். அடியில ஒரு இரும்பும் குடுக்கல. கூரை போனதும் முதுகெலும்பு போச்சு. வெயிட்டு ஏறுனா நடுவுல தொய்யுது, கதவைக் கவ்வுது."

"பொறந்ததே ஓப்பனா பொறந்ததுன்னியே நைனா?" என்றாள் கங்கா.

இராமச்சந்திரன் மாலையைச் சரி செய்தார். "பொறந்த பெறவு ஒரு சின்ன ஆபரேசன் ஆச்சும்மா. யாருக்குத்தான் ஆகல?"

கண்ணப்பன் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். ஒரகடம் ரோட்டுத் திருப்பத்தில் கம்பெனிக் காம்பவுண்டு சுவர் முளைத்திருந்தது. கேட்டுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. வாட்ச்மேன் உட்காருவதற்கான கூண்டு மட்டும் தயாராக இருந்தது. அதற்கு நல்ல உறுதியான கூரை.

இதற்குள் அந்தப் பிள்ளைகள் தங்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். சந்தன டிராயரோடு வீட்டுக்குப் போனவனை அம்மா கேட்பாள், அவன் சொல்லுவான். சாயங்காலத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர் முழுக்க அது "கதவு சாத்தாத காரு" ஆகிவிட்டது. பாதி பேர் அதை நேரில் பார்த்தது போலவே சொன்னார்கள். வாங்க வருவதாக இருந்த காஞ்சிபுரத்துக்காரர் வரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இராமச்சந்திரன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் வந்தார்.

"உன் பொண்சாதி என் வியாபாரத்தையே சாச்சுட்டாப்பா" என்றார்.

"காரே சாஞ்சுதானே கீது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பேச்சு கங்காவோடுதான் நடந்தது. வண்டியை நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவு வரும்வரை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் அடியில் இரும்புச் சேனல் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஜோயல் கூட நின்று பார்ப்பான். பட்டியைச் சுரண்டித் தகரம் வைக்க வேண்டும். வெட்டின வண்டிக்கு வெட்டின வண்டி விலை. கடைசியில் அதே பிள்ளைகள் ஏறுவார்கள்.

"அதே பசங்களா? எதுக்கும்மா?"

"அவுங்கதான சாட்சி."

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஷெட் வாசலில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை வண்டியில் ஒரு பொட்டு இல்லை. பிள்ளைகள் தாவி ஏறினார்கள், போன தடவையைவிட அதிகம். கண்ணப்பன் நடுவில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பினான். திறந்தது. இறங்கிச் சாத்தினான். டப்பென்று சாத்திக்கொண்டது. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். இரண்டு பேர் தொங்கிக்கூடப் பார்த்தார்கள்.

கங்கா கையெழுத்துப் போட்டாள். கண்ணப்பன் நேரே கம்பெனிக்குப் போய், வேலை வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தான். அந்தக் காக்கிச் சட்டையை நாகப்பனின் மச்சான் மாட்டிக்கொண்டார்.

கதவு சரியாகிவிட்டது, பேர் சரியாகவில்லை. ஊரில் ஒரு பேரை வைத்துவிட்டால் அதற்கு வெல்டிங் கிடையாது. ஐப்பசி முகூர்த்தம் ஒவ்வொன்றாகப் போயிற்று, மெட்ராஸ் வண்டிகளே வந்தன. கண்ணப்பன் தினமும் வண்டியைத் துடைத்தான், கங்கா அவனைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். கார்த்திகையில் ஸௌந்தரராஜன் வீட்டுக் கல்யாணம். அவர்கள் சொல்லியிருந்த மெட்ராஸ் கார் பூந்தமல்லியிலேயே நின்றுவிட்டது. இலைக்கட்டோடு சத்திரத்தில் இருந்த கங்கா ஆள் அனுப்பினாள். கண்ணப்பன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

மாப்பிள்ளை வைகுந்தின் அம்மா வரலக்ஷ்மி மாமி வாசலிலேயே மறித்தாள். "ஏன்டாப்பா, இது அந்தக் கதவு சாத்தாத கார்தானே? எம் பிள்ளைய அதுல ஒக்காத்தி வெச்சு, அப்பறம் மூட்டை மாதிரி தூக்கி எறக்கவா?"

"எல்லாரும் ஏறட்டும்மா. நீங்களே சாத்திப் பாருங்க" என்றான் கண்ணப்பன்.

வைகுந்த் ஏறினான். பிள்ளைகள் ஏறினார்கள். மாமி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள், சாத்தினாள். நம்பிக்கை வரவில்லை, மறுபடி திறந்து சாத்தினாள். மூன்றாவது தடவை ஓங்கிச் சாத்தியபோது, இது ஏதோ சடங்கு என்று நினைத்த மேளக்காரர் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். கூடியிருந்தவர்களில் சிலர் அட்சதைகூடப் போட்டார்கள். கார் கிளம்பியது, வீதி சுற்றியது, சத்திர வாசலில் மாப்பிள்ளை கதவைத் திறந்து கால் வைத்தே இறங்கினான்.

அதற்குப் பிறகு வண்டிக்கு ஓய்வில்லை. தை மாதம் இன்னொரு வீட்டு ஜானவாசத்தில், மாப்பிள்ளை ஏறியதும் கண்ணப்பன் கியரைப் போட்டான். மாப்பிள்ளையின் அத்தை தடதடவென்று ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஏம்ப்பா, கதவு சாத்தற சம்பிரதாயத்தைப் பண்ணாம எங்கே கெளம்பறே? ஸௌந்தரராஜன் ஆத்துல பண்ணினாளே?"

கண்ணப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தான்.