பாதி மாத்திரையும் பூப்பந்தும்

உஷாராணி சிரித்த சிரிப்பில் புக்கிட் பெருவாங் சமூக மண்டபத்தில் பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவளுடைய ஜோடி மலர்க்கொடி, மேலே வந்த இறகுப்பந்தை அடிக்கப் போய்க் காற்றை அடித்துவிட்டாள். பந்து அவள் கொண்டையில் இறகு செருகியது போல வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் உஷாராணியால் நிறுத்த முடியவில்லை. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அப்படியே விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

"இப்ப நீ சிரிக்கிறியா, அழறியா?" என்றாள் மலர்க்கொடி.

"எனக்கே தெரியலக்கா. ஆடலாம் வாங்க."

அது மாத்திரையின் வேலை, சரியாகச் சொன்னால் மாத்திரை குறைந்ததன் வேலை என்பது மலர்க்கொடிக்குத் தெரியாது. உஷாராணி சொல்லியிருக்கவில்லை.

மலாக்காவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள் உஷாராணி. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு மனச்சோர்வு வந்தது. இன்னதுதான் காரணம் என்று கைகாட்ட முடியவில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாகிப்போனது. சுகாதாரக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுத்தான் தேறினாள். அதன் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. இப்போது உடம்பும் மனமும் நன்றாக இருப்பதைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லி, முழு மாத்திரை பாதியாகியிருந்தது.

பாதியானதும் வீடு ஒரு மாதிரியாகிவிட்டது. தலையைத் திருப்பினால் உள்ளே சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. பிஸ்கட் விளம்பரத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். கணவன் திவாகர் முறுக்கு கடிக்கிற சத்தத்தைக் கேட்டு, "கல்லு ஒடைக்கிற மாதிரி திங்கணுமா?" என்று சீறினாள். அவன் முறுக்கு டப்பாவோடு வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், காருக்குள் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான். அவள் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பா காலியாகும் வரை இருவரும் சேர்ந்தே தின்றார்கள்.

திவாகருக்கு விஷயம் தெரியும், அதனால் வீட்டில் எல்லாம் சமாளிக்க முடிந்தது. கோர்ட்டில்தான் முடியவில்லை.

நியாலாஸ் என்ற ஊரில் கோயில் இளைஞர் மன்றம் பூப்பந்துப் போட்டி வைத்திருந்தது. அதற்கான பயிற்சியில் ஒரு நாள், பின்கோட்டுப் பக்கம் போன பந்தை, "விடு, வெளிய போவுது" என்றாள் மலர்க்கொடி. பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. உஷாராணி ரேக்கெட்டைத் தரையில் அடித்தாள்.

"உங்களோட ஆடி எங்கக்கா ஜெயிக்கிறது? அந்த முட்டிய வச்சிக்கிட்டு ஏன் ஆட வரீங்க?"

மலர்க்கொடிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவள் குனிந்து பந்தை எடுத்துக் குழலுக்குள் போட்டு மூடினாள். உஷாராணி பையைக் கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய நோய்தான் திரும்பி வருகிறதோ என்ற பயம். திவாகர் அரைநாள் விடுப்பு எடுத்து அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். மலாய்க்கார டாக்டர் அம்மா நிறையக் கேள்வி கேட்டார். எப்போது தொடங்கியது, நாள் முழுக்க இருக்கிறதா, வந்து வந்து போகிறதா, தலைசுற்றல் உண்டா, தூக்கம் எப்படி என்றெல்லாம் விசாரித்தார்.

மாத்திரையைக் குறைத்த சில நாளிலேயே ஆரம்பித்து, இப்படி வந்து வந்து போனால் அது பெரும்பாலும் குறைத்ததன் விளைவுதான் என்றார். சோகம் வந்து போகாமல் வாரக்கணக்கில் அப்படியே தங்கினால் உடனே வந்து பார்க்கச் சொன்னார். இப்போதைக்குப் பழைய அளவுக்கே திரும்பலாம், நிலைப்பட்ட பிறகு இன்னும் சின்னச் சின்னதாக இறக்கலாம் என்று முடிவானது.

"அப்படின்னா நான் தோத்துட்டேனா டாக்டர்?" என்று மலாயில் கேட்டாள் உஷாராணி.

"யாரோட போட்டி? பெலான் பெலான் லா," என்றார் அவர். மெதுவாக, மெதுவாக.

சில நாளில் தலைக்குள் சுருக்கென்பது அடங்கியது. உஷாராணி மலர்க்கொடி வீட்டுக்குப் போனாள். மலர்க்கொடி பள்ளி வேன் ஓட்டுபவள். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். உஷாராணி இன்னொரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

மலர்க்கொடி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"நீ வேற. நான் என் முட்டியாலதான் நீ கடுப்பாயிட்டன்னு நெனச்சி, தெனம் எண்ணெய் போட்டுத் தேய்ச்சிக்கிட்டு இருக்கேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிச்சிட்டேன். ஆனா அந்த வார்த்தை வலிச்சிச்சி. அதையும் சொல்லிர்றேன்."

"வலிக்கத்தான் செய்யும்."

"சரி, இனிமே ஆட்டத்துல கோவம் வந்தா என்னா செய்வ?"

உஷாராணி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

"குனிஞ்சி ஷூ கயித்தக் கட்டு. நான் புரிஞ்சிக்குவேன். கட்டி முடிக்கிற வரைக்கும் ஒலகம் நிக்கட்டும்."

போட்டி நாளில் நியாலாஸில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மண்டபம் நிறையக் கூட்டம். முதல் ஆட்டத்தை இருவரும் சுலபமாக ஜெயித்தார்கள். அடுத்தது அரையிறுதி, கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரோடு. அந்தப் பிள்ளைகள் பறந்தார்கள். உஷாராணி கயிற்றைக் கட்டினாள், மறுபடி கட்டினாள், இன்னொரு காலுக்கும் கட்டினாள். கடைசியில் எதிரே நின்ற பெண் வலைக்கு அருகே வந்து, "ஆன்ட்டி, ஷூ சைஸ் பத்தலையா? எங்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு," என்றாள் மிக அக்கறையாக. மலர்க்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அந்த ஆட்டம் அவர்கள் கையை விட்டுப் போனது.

உஷாராணி வெளியே வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் ஏதோ கனமாக இறங்குவது தெரிந்தது. பழைய நோய்தான் வந்துவிட்டதோ என்று அசையாமல் கவனித்தாள். திவாகர் எங்கிருந்தோ தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கி வந்து கையில் கொடுத்தான்.

"எப்படி இருக்கு?"

"வருத்தமா இருக்கு."

"எதுக்கு?"

"தோத்துட்டோம்ல, அதுக்கு."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் வியந்துபோனாள். காரணத்தோடு வந்த வருத்தம். எல்லோருக்கும் வருகிற, பெயர் சொல்லக்கூடிய வருத்தம். செண்டோலில் கருப்பட்டிப் பாகு அடியில் தங்கியிருந்தது. கலக்கிக் குடித்தாள். கிண்ணம் காலியானபோது கனமும் பாதிக்கு மேல் போயிருந்தது.

"ஏங்க, போயிடிச்சி," என்றாள்.

"எது?"

"வருத்தம். இன்னொரு செண்டோல் கிடைக்குமா?"

அதற்குள் மலர்க்கொடி நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். "உஷா, எந்திரி. மூணாவது எடத்துக்கு இன்னொரு ஆட்டம் இருக்காம். நம்ம வயசு ஆளுங்கதான் லா."

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைப் பூப்பந்து என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாலு பேரும் மூச்சிரைத்தார்கள், புள்ளிக் கணக்கை மறந்தார்கள், நடுவரும் சிரித்தார். கடைசிப் பந்தை உஷாராணி வலையோரம் மெல்லத் தட்டி இறக்கினாள். எதிர் ஜோடி, "நீ எடு", "நீ எடு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தரையைத் தொட்டது.

பரிசு ஒரு ரைஸ் குக்கர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் அதைப் பற்றித்தான் பேச்சு. நீ வச்சிக்க, நீங்க வச்சிக்கிங்க என்று மாறி மாறி மடியில் தள்ளிக்கொண்டார்கள். "ஒரு மாசம் இங்க, ஒரு மாசம் அங்க," என்று முன்சீட்டிலிருந்து தீர்ப்புச் சொன்னான் திவாகர்.

"அப்ப மொத மாசம் எங்க வீட்டுல," என்றாள் மலர்க்கொடி. "நாளைக்கே சோறாக்கறேன், ரெண்டு பேரும் சாப்பிட வந்துருங்க."

"கறி?"

"கோழி."

"நான் வரேன்," என்றாள் உஷாராணி. உண்மையாகவே அவளுக்குப் பசித்தது.