காசு கட்டி நுழையும் கடை

கடைக்குள் நுழைவதற்கே காசு கேட்கும் கடைக்காரனை என் அப்பா பார்த்திருந்தால், அவன் காலில் விழுந்து தொழில் கற்றுக்கொண்டிருப்பார். தேகு நகரத்துச் சோமுன் சந்தையில் எங்களுடையது சாக்ஸ் கடை. போகிறவர் வருகிறவரின் கையைப் பிடித்து இழுத்து, "வாங்காட்டியும் பரவாயில்ல, தொட்டாவது பாருங்க" என்று கெஞ்சித்தான் நாங்கள் சோறு தின்றோம். ஊருக்கு வெளியே விமானக் கொட்டகை அளவில் ஒரு கடை, அதில் நுழைய வருஷத்துக்கு நாற்பத்து மூவாயிரம் வொன் கட்டிப் படம் போட்ட அட்டை வாங்கணும் என்று எதிர்வீட்டு ஹேரிம் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

ஹேரிமுக்கு நாற்பது இப்போதுதான் தாண்டியது. புருஷன் கிபோம் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். இந்த வசந்தத்தில் அவன் வண்டி ஓடிய தெருக்களில் பாதியைக் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. மகள் சோலின் நடன வகுப்பை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. அடுத்து வெட்டு விழப்போவது இந்த அட்டைக்கு.

"மாசக் கடைசியில அட்டை முடியுது அக்கா. 'லாபம்னு காட்டு, இல்லாட்டி விட்டுத் தொலை'ங்கறார். அது போச்சுன்னா சோலுக்குப் பால், முட்டை, பழம் எல்லாத்தையும் முனைக்கடை விலைக்குத்தான் வாங்கணும். நீங்க சந்தையில பொறந்தவங்க. ஒரு தடவை கூட வந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பார்."

"உனக்கு என்ன தோணுது?"

"லாபம்னுதான் தோணுது. ஆனா வீட்டுச் செலவு மட்டும் இறங்க மாட்டேங்குது. ஏன்னே புரியல."

"கிபோம் என்ன சொல்றான்?"

"'காசு குடுத்து உள்ள போய்க் கொழுப்பு வாங்கிட்டு வர்ற'ங்கறார். அந்தக் கடைப் பன்றிக்கறியை வாயிலயே வைக்கறதில்ல. அதனால இங்க கசாப்புக்கடையில இன்னொரு தடவை வாங்க வேண்டியிருக்கு."

சரி, அப்படி என்னதான் கடை என்று பார்க்கப் போனேன்.

நல்ல கடைதான். ஒரே குறை, விலை பேச ஆளே இல்லை. கழிவறைக் காகிதச் சுருள் அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: "தம்பி, மூணு கட்டா எடுத்தா எவ்வளவு கொறைப்ப?"

"அம்மா, ஒரு கட்டுலயே முப்பது உருளை இருக்கு."

"அப்ப மூணுக்குத் தொண்ணூறு ஆச்சே. அதுக்குத்தான் கேக்கறேன்."

அவன் இடுப்பு வளையக் கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் அடுக்கப் போய்விட்டான்.

நான் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், சந்தை விலையோடு மனசுக்குள் மோத விட்டேன். பூண்டு, நெத்திலி, கீரை எல்லாம் எங்கள் சந்தையில்தான் மலிவு. பால், முட்டை, சோப்புத்தூள், கறி இங்கே மலிவு. அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் அந்தத் தள்ளுவண்டி. அவ்வளவு அகலமான வண்டியில் நாலே சாமான் கிடந்தால் நமக்கே ஏதோ அவமானமாக இருக்கிறது. அதை மறைக்கவே சனங்கள் கரடி பொம்மையும் கூடாரமும் வாங்கிப் போடுகிறார்கள். வண்டியை அந்த அளவில் செய்யச் சொன்னவன் எவனோ, அவன் எங்கள் சாதி.

ஹேரிம் அதற்கு மயங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் சில வீடுகள் அவள் அட்டையில் மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும்; அந்த வீடுகள் கேட்டதை மட்டும் எடுத்தாள். அதற்கு மேல் ஒரு மிட்டாய்கூட இல்லை. விலையும் சரி, கையும் சரி. பிறகு செலவு ஏன் இறங்கவில்லை? எனக்கு அது நாக்கில் சிக்கிய மீன்முள் மாதிரி உறுத்த ஆரம்பித்தது.

குடியிருப்பின் கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்தில் பங்கு போட்டார்கள். மடக்கு மேசை, தராசு, பலகை, கத்தி. என்னோடு சேர்த்து ஆறு வீடு. அடக்க விலையை ஆறாக வகுத்து வாங்கிக்கொள்வது, மேலே ஒரு வொன் கிடையாது.

"பெட்ரோலுக்கு?" என்று ஹேரிமின் காதில் கேட்டேன்.

"ஐயோ அக்கா, அதைப் போய் யார்கிட்ட கேக்கறது!"

எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அன்று நான் விருந்தாளி.

அவள் பன்றி வயிற்றுக்கறியின் பெரிய பாளத்தை வெட்டி, கிராம் பிசகாமல் ஆறு பங்காக வைத்தாள். உடனே ஒரு கை நடுப்பங்கை நோக்கிப் பழக்கப்பட்ட வேகத்தில் நீண்டது. பன்னிரண்டாம் மாடி மியோங் டீச்சர். ஒரு காலத்தில் கணக்கு ட்யூஷன் எடுத்தவர். பாதி வழியில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க எந்த வருஷம்ங்க? நான் குரங்கு."

"ஆடு" என்றேன்.

பிறந்த வருஷத்தை மிருகத்தின் பெயரால் சொல்வது எங்கள் வழக்கம்; ஆடு குரங்குக்கு ஒரு வருஷம் மூத்தது. நீண்ட கை, விரல்கள் விரிந்தபடியே திரும்பிப் போனது. "அப்ப அக்கா, நீங்க முதல்ல எடுங்க" என்றார், பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பவர் குரலில். நான் கூச்சப்படவில்லை. நடுப்பங்கை எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் பூண்டோடு அதைச் சுட்டேன். சிவப்பும் வெள்ளையும் நல்ல கோடு போட்ட துணி மாதிரி மாறி மாறி ஓடியது. இந்தக் கறியையா கிபோம் வாயில் வைக்க மாட்டேன் என்கிறான்?

மறுநாள் லிஃப்ட்டில் அவனே மாட்டினான். "கடையைப் பாத்துட்டீங்கல்ல அக்கா? நேத்தும் வெறும் கொழுப்பு. இப்பவாவது இவகிட்ட சொல்லுங்க."

"என்னடா உளர்ற? நான் தின்ன கறி வெண்ணெய் மாதிரி இருந்துது. அதே பன்றி, அதே பலகை."

"அப்ப உங்க வீட்டுக்கு வந்ததும் அது யோகாசனம் பண்ணி இளைச்சிருக்கும்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, நேரே அவர்கள் அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வெள்ளைக் கட்டி. அதன் நடுவே தையல் பிரிந்தது போல ஒரு சிவப்பு நூல்.

"ஏண்டி, இது எந்தப் பக்கத்துக் கறி?"

"கடைசி முனை, அக்கா" என்றாள் ஹேரிம்.

"போன தடவை?"

"அதே முனைதான்."

"அதுக்கு முன்ன?"

அவள் சிரித்துவிட்டாள். "வெட்டினவங்க கடைசியில எடுக்கணும் அக்கா. அப்பத்தான் நேர்மையா வெட்டுவாங்க. கூட்டத்துல நான்தான் சின்னவ. பெரியவங்க கையில கத்தியைக் குடுத்துட்டு நான் கை கட்டி நிக்க முடியுமா?"

"பழம்?"

"அடிபட்டது வரும்."

"கேக்?"

"ஓரம்."

முள் கழன்றது. இந்த முறையைக் கண்டுபிடித்தவன் புத்திசாலி. வெட்டுகிற கை மாறிக்கொண்டே இருந்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. ஒரே கை வருஷம் முழுக்க வெட்டினால் அது அபராதம். எடை சரி, விலை சரி. ஆனால் தின்ன முடியாத பங்கை மலிவாக வாங்கிவிட்டு, தின்கிற கறியை முழு விலைக்கு மறுபடி வாங்குகிறாள் இந்தப் பெண்.

"கிபோம்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மேல ஏறிப்போய்ச் சண்டை போடுவார். அப்புறம் லிஃப்ட்ல அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா."

"நான் ஏன் சொல்றேன்?" என்றேன். சொல்லாமலே காரியத்தை முடிப்பதுதானே எங்கள் பிழைப்பு.

மாசக் கடைசிக்கு முந்தின பங்கு நாளில் ஹேரிம் பாளத்தைப் பலகையில் வைத்ததும் கத்தியை நான் எடுத்துக்கொண்டேன்.

"ஐயோ அக்கா, நீங்க வேணாம்! குடுங்க!"

"ஏன், சாக்ஸ் விக்கறவளுக்கு வெட்டத் தெரியாதா? தள்ளு."

நிதானமாக வெட்டினேன். நடுப்பங்கு படம் பிடித்து மாட்டலாம் போல இருந்தது. முனைப் பங்கு சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. ஆறும் ஒரே எடை. கத்தியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன்.

"எடுத்துக்குங்க. வெட்டினவ கடைசி."

ஒருத்தியும் அசையவில்லை. எல்லாருக்கும் மூத்தவள் எல்லாரும் எடுத்த மிச்சத்தை எடுப்பதாவது! அந்தக் கறி யார் தொண்டையில் இறங்கும்?

"அக்கா, நீங்களே முதல்ல எடுத்துடுங்க" என்றார் டீச்சர்.

"வெட்டினவளே முதல்ல எடுத்தா அதுல என்ன நேர்மை டீச்சர்? நீங்க கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்காக உங்களுக்கு முன்னால நான் எப்படி..."

"அதனால என்ன? இவ்வளவு நாளா வெட்டினவளுக்கு முன்னாடி எல்லாரும் எடுத்தீங்கல்ல, அதே மாதிரிதான்."

டீச்சர் தராசைப் பார்த்தார். மற்றவர்கள் டீச்சரைப் பார்த்தார்கள். வண்டியில் ஐஸ்க்ரீம் உருகிக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி தாங்காமல் வாயைத் திறந்தாள்: "பேசாம ஏணி போட்டுடலாமே!"

அதைத்தான் எதிர்பார்த்தேன். ஏணி என்பது எங்கள் ஊர்த் திருவுளச்சீட்டு. அட்டைப்பெட்டி மூடியில் நெடுக ஆறு கோடு இழுத்தோம். இடையிடையே ஆளுக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடு. மேலே ஆறு பெயர், கீழே ஆறு பங்கு. தன் பெயரில் விரலை வைத்து, குறுக்குக் கோடு வரும்போதெல்லாம் தாண்டித் தாண்டி இறங்கினால் எங்கே போய் நிற்கிறதோ அது அவரவர் பங்கு. அதற்கு மூத்தவள் இளையவள் தெரியாது.

ஹேரிமின் விரல் நடுப்பங்குக்குப் பக்கத்துப் பங்கில் போய் நின்றது. அவள் நம்பாமல் இன்னொரு தடவை இறங்கிப் பார்த்தாள். சோப்புக்கட்டி மியோங் டீச்சருக்கு.

டீச்சர் அதைப் பையில் போடுமுன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தடவை கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. கொழுப்பு ஜாஸ்தியா இல்ல?"

அன்று சாயந்திரம் தீர்ப்புச் சொல்ல என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கிபோம் ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"கசாப்புக்கடையில வாங்கினியா?"

"அதே கடைதாங்க" என்றாள் ஹேரிம்.

அவன் என்னைப் பார்த்தான். "அட்டை லாபம்தான்டா" என்றேன். "நஷ்டம் பூராவும் உன் பொண்டாட்டி மரியாதையில. வெட்டறவளுக்குக் கடைசிப் பங்குன்னு, வருஷம் பூரா இவளே வெட்டி இவளே முனையைத் தூக்கிட்டு வந்திருக்கா."

கிபோம் இன்னொரு துண்டு தின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அப்ப இந்த ஒரு வருஷமா நடுப்பங்கைத் தின்னது யாரு?"

ஹேரிம் கறியைச் சுற்றித் தின்னும் கீரை இலையை அவசரமாக அடுக்கினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கில் பாதியை ஏற்கெனவே தின்றுவிட்டேன்; பெயரையாவது சொல்லக்கூடாது. கூரையை மட்டும் பார்த்தேன். அவன் பார்வையும் மேலே ஏறியது, மாடி மாடியாக, பன்னிரண்டாம் மாடி வரை.

"லிஃப்ட்ல பாக்கறப்பல்லாம் 'கிபோம், எளைச்சிட்டீங்களே'ன்னு விசாரிப்பாங்களே, அவங்களா?"

சோல் மட்டும் சிரித்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சட்டையிலிருந்து பணத்தை எடுத்து வந்து ஹேரிம் முன் வைத்தான்.

"அட்டையைப் புதுப்பி. ஒரு வருஷத்துப் பாக்கி வசூலாகணும்."

"ஏணியில போய்ச் சண்டை போட முடியாதுங்க" என்றாள் அவள், பயந்துபோய்.

"எவன் சண்டை போடறான்? அடுத்த தடவை நானும் கீழ வரேன். ஒரு குறுக்குக் கோடு என் கையால போடறேன், அவ்வளவுதான்."